ஸ்டூல் இழுபடும் சத்தம்

இரும்பு ஸ்டூல் அது. ஒரு காலுக்கு மட்டும் ரப்பர் கழன்றுபோயிருக்கும். வார்டின் தரையில் இழுத்தால் கர்ர் என்று பல் கூசும். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர்களுக்கு நோயாளிகளிடம் பேசும் முறையைச் சொல்லித்தருகிறேன். கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதுதான் அதில் பெரும்பாடு. நின்றபடி சொல்லிவிட்டு நகராதீர்கள், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லுங்கள் என்பதே என் முதல் பாடம். பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு வருடம் வந்தவர்களில் ஒருவர் வைத்திக்குப்பத்துக்காரர். அப்பா கடலுக்குப் போகிறவர். வகுப்பில் வாயே திறக்காத அவர், ஒருநாள் எல்லோரும் போனபிறகும் நின்றார். "மேடம், ஸ்டூல இழுத்தாலே வார்டுல அழ ஆரம்பிச்சிடறாங்க," என்றார். ரெட்டியார்பாளையத்து அம்மா ஒருவரிடம், கணவரை நாளைக்கு வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று சொல்லத்தான் உட்காரப் போயிருக்கிறார். சத்தம் கேட்டதுமே அந்த அம்மா, "சொல்லாதீங்க சார், சொல்லாதீங்க," என்று தலையில் அடித்துக்கொண்டாராம். கெட்டதைச் சொல்ல மட்டுமே நாங்கள் உட்காருகிறோம் என்பதை வார்டே கண்டுபிடித்திருந்தது. "எங்க குப்பத்துல ஆம்பளைங்க கரையிலேர்ந்து கூட்டமா ஒரு வூட்டப் பாத்து நடந்தாலே போதும் மேடம். வாயத் தொறக்க வேணாம், உள்ள அழுகை கெளம்பிடும்."

மறுநாளிலிருந்து அவர் எல்லோரிடமும் உட்கார்ந்தார். காய்ச்சல் விட்டதா என்று கேட்கவும், இட்லி சாப்பிடலாம் என்று சொல்லவும் ஸ்டூலை இழுத்தார். "இது வார்டா, டீக்கடை பெஞ்சா?" என்று பெரிய டாக்டர் எரிந்து விழுவார். இவர் தலையைக் குனிந்துகொள்வார், அடுத்த கட்டிலில் மறுபடி கர்ர். மெல்ல மெல்ல அந்தச் சத்தத்துக்குப் பயப்படுவதை வார்டு விட்டது.

சில வருடங்கள் கழித்து என் கணவரை அங்கேயே சேர்த்தோம். அந்த வைத்திக்குப்பத்துக்காரர்தான் அப்போது வார்டு டாக்டர். தினமும் ஸ்டூலில் உட்கார்ந்து, என் கணவர் குடித்த கஞ்சியைப் பற்றிக்கூட விசாரிப்பார். ஒரு காலை, என் கணவர் அசந்து தூங்கும்போது வந்தார். கர்ர் என்றது. வீட்டுக்குப் போகச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். துவைத்த சட்டை பையில் இருக்கிறதா என்றுகூட யோசித்தேன். அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "மேடம், இன்னிக்கி நல்ல சேதி இல்ல. ரத்தத்துல கிருமி பரவிடுச்சி. இனிமே தேறுவாருன்னு தோணல." சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை. நான் அழுது ஓயும்வரை அங்கேயே இருந்தார். என் கணவர் அந்த வாரமே போய்விட்டார்.

இப்போது என் முதல் பாடம் மாறிவிட்டது. நல்லதைச் சொல்லவும் உட்காருங்கள் என்கிறேன். அந்த ஸ்டூலைக் கேட்டு வாங்கி வகுப்பில் போட்டிருக்கிறேன். ரப்பர் மாட்ட விடவில்லை. யாராவது அதை இழுக்கும்போது, எல்லாம் முடிந்துபோன இன்றும், எனக்கு முதலில் தோன்றுவது ஒன்றுதான்: நாளைக்கு நாங்கள் வீட்டுக்குப் போகலாம்.