பந்தைத் திருப்பிக் கொடுப்பவர்

மாட்டின் பின்னங்காலைக் கயிற்றில் தூக்கிக் கட்டியதும் மலாக்கி கில்ஹூலியின் குரல் தணிந்துவிடும். "ஆச்சுடி கண்ணு, ஆச்சு. இன்னும் கொஞ்சந்தான். உன் காலு உனக்கே" என்று சொல்லிக்கொண்டே வளைந்த கத்தியால் குளம்பைச் சீவுவார். இரும்புக் கூண்டுக்குள் நிற்கும் மாடு உதறும், சில சமயம் அவர் முழங்காலிலேயே ஒன்று போடும். மலாக்கி கையை எடுத்துக்கொண்டு, பொறுத்திருந்து, மறுபடி அதே வார்த்தைகளை அதே மெல்லிய குரலில் சொல்வார். ஒரு மாட்டை அவர் அடித்ததாக எங்கள் கில்லரன் தேவாலயப் பங்கில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஒரு விசில் சத்தம் கேட்டால் கழுத்துவரை சிவந்துபோவார்.

முப்பத்து மூன்று வயது. ஆறு வருடமாக, பந்தைக் கையாலும் பிடித்து ஆடுகிற எங்கள் கேலிக் (Gaelic) கால்பந்து அணிக்குத் தலைவர். ஆட்டத் திறமை என்று பார்த்தால் பெரிதாகச் சொல்வதற்கில்லை. இடது காலால் உதைத்தால் பந்து மதிலைத் தாண்டிக் கல்லறைத் தோட்டத்தில் விழும். "என்னப்பா மலாக்கி, செத்தவங்களுக்கும் பாஸ் போடறியா?" என்று வேலியோரக் கிழவர்கள் கேட்பார்கள். "உயிரோட இருக்கறவன் எவன் ஓடி வர்றான்?" என்பார் இவர்.

திறமை எல்லாம் லோர்கனிடம் இருக்கிறது. இருபத்திரண்டு வயது, இரண்டு காலும் ஒரே மாதிரி பேசும். ஆனால் எவன் வலியை மறைத்து ஓடுகிறான், எவன் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்பதை மலாக்கிதான் கண்டுபிடிப்பார். நடையைப் பார்த்தே சொல்வார். மாடுகளிடம் கற்றது.

அணியின் சட்டைகளையும் காலுறைகளையும் நான்தான் துவைக்கிறேன். எல்லாரும் பல்லுக்கு ஒரு ரப்பர் உறை போட்டுக்கொண்டுதான் ஆட வேண்டும். மற்றவர்களுக்கு அது ஒரு வருடம் வரும். மலாக்கிக்கு ஒரு மாதம். ஆட்டம் முடிந்ததும் காலுறைக்குள் செருகி மறந்துவிடுவார். அது வாளியில் மிதக்கும், ஓரமெல்லாம் கடிபட்டு.

"எலி கடிச்சுதா மலாக்கி?"

"இல்லக்கா. ரெஃப்ரி விசில் அடிச்சாரு."

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்குத்தான் சிரிப்பு வராது. போன வருடம் நடந்தது அப்படி.

போன வருடம்தான் புதுச் சட்டம் வந்தது. நடுவரிடம் அணித்தலைவர் ஒருவர்தான் பேசலாம். நம் பக்கம் தப்பு என்று விசில் அடித்துவிட்டால் கையிலிருக்கும் பந்தை உடனே எதிராளியிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் முரண்டு பிடித்தால், அவர்கள் உதைக்க வேண்டிய இடத்தை நடுவர் ஐம்பது மீட்டர் நம் கோல் கம்பத்தை நோக்கி நகர்த்திவிடுவார். போன வருட அரையிறுதியில் ஒரு புள்ளி முன்னே இருந்தோம், ஒரு நிமிடம் பாக்கி. மலாக்கிமேல் தப்பு என்றார் நடுவர். இவர் இல்லை என்றார். சொன்னதோடு நிற்கவில்லை, பந்தைத் தரையில் ஓங்கி அடித்தார். நடுவர் ஐம்பது மீட்டர் நடந்துபோய்க் கையைக் காட்டினார். அங்கிருந்து ஒரு குழந்தைகூட உதைத்துப் போட்டுவிடும். போட்டார்கள். சமமாயிற்று. கூடுதல் நேரத்தில் தோற்றோம்.

யாரும் அவரைத் திட்டவில்லை. அதுதான் கொடுமை. அவர் கடைக்குள் நுழைந்தால் எல்லாரும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். கோயிலில் ஆண்கள் சிலர் கடைசிக் கதவோரம் தொப்பியைத் தரையில் போட்டு அதன்மேல் ஒரு முழங்காலை ஊன்றி நிற்பது வழக்கம். பூசை முடிகிற மணிக்கு முன்பே வெளியே போய்விடுவார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க மலாக்கி இரண்டு முழங்காலையும் ஊன்றியிருந்தார். கோயில் வேலையும் பார்க்கிற நான் மெழுகுவர்த்திகளை அணைக்கும் வரை போகவில்லை. என்ன கேட்டார் என்று நான் கேட்கவில்லை.

ஜனவரியில் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூடினார்கள். தேநீர் ஊற்றிக்கொண்டு நானும் அங்கே இருந்தேன். லோர்கன் பெயரைச் சொன்னார்கள். லோர்கன் எழுந்து, "எனக்கு வேணாம். நான் பந்தைத்தான் பார்ப்பேன். இவருதான் ஆளுங்களைப் பார்க்கறவரு" என்றான்.

"ஆமாமா, ரெஃப்ரியையும் ஒரு பார்வை பார்த்தாரே!" என்றது ஒரு குரல். சிரிப்பு எழுந்து பாதியில் அடங்கியது.

பயிற்சியாளர் ஹ்யூபர்ட் சிரிக்கவில்லை. "இந்த ஒரு வருஷம் மலாக்கி. இன்னொரு தடவை பந்தைத் தூக்கி அடிச்சே, அதோட சரி. தலைமையும் இல்ல, சட்டையும் இல்ல."

மலாக்கி தலையை மட்டும் ஆட்டினார்.

இந்த அக்டோபரில் எங்கள் சிறிய பங்கு முப்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகு மாவட்ட இறுதியாட்டத்துக்குப் போனது. எதிரே டிரம்காரா அணி. காற்றும் தூறலுமாக மதியம் இருட்டிக் கிடந்தது. முதல் பாதியிலிருந்தே டிரம்காராவின் டொலன் மலாக்கியின் காதோரம் ஓடிக்கொண்டிருந்தான். நான் வேலியோரம் நின்றிருந்ததால் காதில் விழுந்தது.

"என்ன கேப்டன், இன்னைக்குப் பந்து அடிக்கலியா? தரை காத்துக்கிட்டிருக்கு."

மலாக்கி திரும்பாமலே ஓடினார். தாடை மட்டும் அசைந்தது.

கடைசி நிமிடம். மறுபடியும் ஒரே ஒரு புள்ளி முன்னே நின்றோம். மைதானத்தின் நடுவில் லோர்கன் பந்தைப் பிடித்துத் திரும்பினான். டொலன் அவன் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தான். சட்டை தோளில் கிழிந்த சத்தம் எனக்கே கேட்டது. விசில் ஒலித்தது. நடுவர் கையை நீட்டியது எங்கள் கம்பத்தை நோக்கி. லோர்கன்மேல் தப்பாம்.

எங்கள் பக்கம் முழுக்கக் கத்தியது. நான் செபமாலையின் சிலுவையை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்திருந்தேன். அதுவரை யார்மேலும் குரல் உயர்த்தாத லோர்கன் பந்தைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டான். அந்த இடத்திலிருந்து அந்தக் காற்றில் எந்தக் காலும் கம்பத்தை எட்டாது. பந்து தரையில் பட்டால் போதும், ஐம்பது மீட்டர் நகர்ந்து எட்டிவிடும்.

மலாக்கி ஓடினார். நடுவரிடம்தான் போகிறார் என்று நினைத்தேன். ஹ்யூபர்ட் கண்ணை மூடிக்கொண்டார். மலாக்கி நடுவரைத் தாண்டிப் போய், லோர்கனின் உயர்ந்த மணிக்கட்டைக் கீழிருந்து பற்றினார். இழுக்கவில்லை. உதறுகிற காலைப் பிடிக்கிற பிடி அது.

"ஆச்சுடா கண்ணு, ஆச்சு. இன்னும் கொஞ்சந்தான்."

"என் சட்டையைக் கிழிச்சான் மலாக்கி! பாரு, கிழிச்சான்!"

"பார்த்தேன்டா. அக்கா தைச்சுத் தருவாங்க. பந்தை விடு."

லோர்கனின் கை மெல்ல இறங்கியது. மலாக்கி பந்தை வாங்கி, அதிலிருந்த சேற்றைத் தன் சட்டையில் துடைத்து, இரண்டு கைகளாலும் டொலனிடம் நீட்டினார்.

"இந்தா. உன் பந்து உனக்கே."

டொலனுக்கு அதை வாங்கத் தோன்றவே ஒரு நொடி ஆனது. நடுவர் இருந்த இடத்திலேயே நின்றார். பந்து உயரே எழுந்தது, காற்றில் தொங்கியது, எங்கள் கம்பத்துக்கு முன்னே கூட்டமாய் நின்றவர்கள்மேல் இறங்கியது. எத்தனை கைகள் எழுந்தன என்று எண்ண முடியவில்லை. எங்கள் கோல்கீப்பரின் கை அதைக் குத்தி வெளியே தள்ளியது. நீளமாய் ஒரு விசில்.

பங்கு முழுக்க வேலியைத் தாண்டி ஓடியது. லோர்கனைத் தோளில் தூக்கினார்கள். மலாக்கி மட்டும் எதிர்ப்பக்கமாக, நடுவரை நோக்கி நடந்தார். நடுவர் ஓரடி பின்னே வைத்தார். என் கையில் சிலுவை இன்னும் குத்திக்கொண்டிருந்தது.

மலாக்கி அவர் முன்னே நின்று வாயைத் திறந்தார். இடது கையை வாயருகே கொண்டுபோய் அந்த ரப்பர் உறையைத் துப்பினார். சரிபாதியாக இரண்டு துண்டு. அவற்றைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நிமிர்ந்து, வலது கையைச் சட்டையில் துடைத்து, நடுவரிடம் நீட்டினார்.