நாலு நாள் வித்தியாசம்

ஹிஜ்ரி ஆண்டுக்கு முந்நூற்று ஐம்பத்து நான்கு நாள்; சில ஆண்டுகளுக்கு ஒரு நாள் கூடுதல். எவை அந்த நீண்ட ஆண்டுகள் என்று அறிய, ஆண்டைப் பதினொன்றால் பெருக்கி, பதினான்கைக் கூட்டி, முப்பதால் வகுக்க வேண்டும். மீதி பதினொன்றுக்குக் குறைவாக இருந்தால் அது நீண்டது. கல்லூரியில் புள்ளியியல் கற்பித்த எனக்கு இதை நிரலாக எழுத ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. அந்தக் காலைப்பொழுதை நான் மிகத் தாமதமாகத்தான் ஒதுக்கினேன்.

உம்மா மௌத்தாகி முப்பத்தொன்பது வருடம். என் அண்ணன், காக்கா, அந்த நாளைப் பிறைக் கணக்கில் வைத்து, சாலை பஜாரில் தன் பாத்திரக்கடைக்கு மேலிருந்த வீட்டில் ஆண்டுதோறும் உம்மாவுக்காகப் பாத்திஹா ஓதுவார். நான் மரணச் சான்றிதழில் இருந்த ஆங்கிலத் தேதியில் மணக்காட்டில் என் வீட்டில் ஓதினேன். அவருடைய நாள் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். "உம்மாவ வருஷம் பூரா சாகடிக்கியளே காக்கா" என்று ஒருமுறை சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதன்பின் அவர் வீட்டு ஓதலுக்கு நான் போகவில்லை.

ஆறு வருடங்களுக்கு முன் ஒருநாள் அவரே வந்தார். படியேறியதில் மூச்சு வாங்கியது.

"எடே, இந்த வருஷம் ரெண்டு நாளும் கிட்ட வருது, கேட்டியா. நாலு நாள்தான் வித்தியாசம். நடுவுல வெள்ளிக்கிழமை. சேந்து ஓதுவோம்."

"கணக்கு யாரு போட்டது? கடைக் காலண்டரா?"

"நான்தான். வேணும்னா நீ சரிபாரு."

"தேதின்னா தேதிதான் காக்கா."

சாயா ஆறுவதற்குள் எழுந்து போய்விட்டார். நான் சரிபார்க்கவில்லை.

சென்ற வருடம் காக்கா போய்ச் சேர்ந்தார். என் மனைவி அதற்கு முன்பே போய்விட்டாள். இந்த வருடம் உம்மாவுக்கு அவருடைய பிறை நாளிலேயே ஓத விரும்பினேன். மதினியிடம் நாளைக் கேட்க முகமில்லை. அதனால்தான் நிரல் எழுதினேன். முதலில் காக்கா வந்து கேட்ட அந்தப் பழைய வருடத்தைச் சோதித்தேன். உம்மா மௌத்தானதிலிருந்து பிறைக் கணக்கில் முப்பத்து நான்கு ஆண்டு, 12,049 நாள். ஆங்கிலக் கணக்கில் முப்பத்து மூன்று, 12,053 நாள். நாலு நாள்தான். மறுபடி எப்போது இப்படி நெருங்கும் என்று பார்த்தேன். இன்னும் இருபத்தாறு வருடம். எனக்கு எழுபத்தாறு வயது.

இந்த வருடத்துக்கு வெள்ளிக்கிழமை என்று விடை வந்தது. ஆனால் நிரல் வானத்தைப் பார்ப்பதில்லை. பிறை கண்டால்தான் மாதம் பிறக்கும்; ஒரு நாள் முன்பின் ஆகலாம். கடைசியில் மதினியைக் கூப்பிட்டேன்.

"வியாழக்கிழம தம்பி. இருபத்தொம்பதுலயே பிறை கண்டாச்சுல்லா." சற்று நிறுத்தினார். "தேதின்னா தேதிதான்னு சொல்லிர மாட்டியளே?"

காக்கா வீட்டில் சொல்லியிருக்கிறார்.

"வாறேன் மதினி" என்றேன்.

வியாழக்கிழமை போனேன். லெப்பை ஓதி முடித்து, துஆவில் வேண்டிக்கொள்ள இறந்தவர்களின் பெயர்களைக் கேட்டார். உம்மாவின் பெயரைச் சொன்னேன். அடுத்தது காக்காவின் பெயர். உள்ளிருந்து மதினிதான் சொன்னார்.