அக்கா படத்தில் வைத்த பென்சில் புள்ளி

பேத்தி கைப்பேசியில் விரலை ஓட்டினால் போதும், என் முகத்துச் சுருக்கமெல்லாம் போய்விடுகிறது. "பாட்டி, இருபது வயசு குறைஞ்சிட்டீங்க லா" என்கிறாள். எனக்கு இது புதிதா என்ன? இதே வேலையை ஒருவர் பென்சிலால் செய்ததை ஏழு வயதிலேயே பார்த்தவள் நான்.

அப்போது காஹாங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அக்காவுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டு, இரண்டு கன்னத்திலும் குழிகுழியாகத் தழும்பு. மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்ப, குளுவாங் பட்டணத்தில் ஒரு சீனர் கடையில் அவளைப் படம் எடுத்தார்கள். மறுவாரம் படம் வாங்க அப்பா போனபோது அழுது அடம்பிடித்து நானும் பஸ் ஏறிவிட்டேன்.

கடைக்காரர் சாய்ந்த கண்ணாடிப் பலகை ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பலகைக்குப் பின்னால் விளக்கு, பலகையின் மேல் அக்காவின் முகம், கையில் ஊசிபோல் சீவிய பென்சில். கோழி அரிசி பொறுக்குவதுபோல் அவர் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனார். நான் கிட்டே போய் எட்டி எட்டிப் பார்த்தேன்.

"முக்கா லிச்சின் லா, அண்ணே. ஒரு குழி தெரியாது" என்றார் அப்பாவிடம், மலாயும் தமிழும் கலந்து. முகம் வழவழப்பாகிவிடுமாம்.

சொன்னபடியே செய்தார். காத்திருந்து வாங்கிய படத்தில் அக்காவின் கன்னம் உரித்த முட்டைபோல் இருந்தது. தாடையில் மட்டும் ஒரே ஒரு குழியை விட்டுவிட்டார். படம் இரண்டு பிரதி. பென்சிலால் குழியை மூடும் கதையை அன்று சாயங்காலமே லயத்து வீடுகளில் எல்லாம் சொல்லி முடித்தேன்.

முதல் படம் ஆயர் ஈத்தாமுக்குப் போனது. அங்கிருந்து நாலு பேர் வந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை பையிலிருந்து படத்தை எடுத்து, அதைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"படத்துல வேற மாதிரில்ல இருந்துச்சு."

வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். அன்று முழுக்க அக்கா அடுப்படியைவிட்டு வரவில்லை. காரணம் எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்தேன். அந்தத் தாடைக் குழிதான்.

பிறகு உலு திராமிலிருந்து ஒரு குடும்பம் படம் கேட்டது. மீதி இருந்தது ஒன்றுதான். காலையில் தபாலில் சேர்க்கவேண்டும் என்று அப்பா அதை அலமாரியில் வைத்திருந்தார். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அதை எடுத்தேன். அக்காவின் கல்யாணமே என் கையில் அல்லவா இருக்கிறது. பென்சிலை நாக்கில் நனைத்து, தாடைக் குழியின் மேல் அழுத்தி ஒரு புள்ளி வைத்தேன்.

குழி மூடவில்லை. எறும்பு உட்கார்ந்ததுபோல் கறுப்பாக நின்றது. கடைக்காரர் புள்ளி வைத்தது பிலிமில், அங்கே கறுப்பு வைத்தால்தான் படத்தில் வெள்ளையாக வரும் என்பதெல்லாம் அந்த வயதில் யாருக்குத் தெரியும்?

அக்கா உள்ளே வந்துவிட்டாள்.

"குழிய மூடத்தான்க்கா வச்சேன். அப்பாகிட்ட சொல்லாதக்கா, கொன்னுடுவாரு."

அவள் படத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு கை நீட்டினாள்.

"பென்சில குடுடி."

ஆணியிலிருந்த கண்ணாடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதில் தன் முகத்தைப் பார்த்துப் பார்த்து, படத்தின் கன்னங்களில் மெல்ல மெல்லப் புள்ளி வைத்தாள். ஒன்றையும் விடவில்லை. முடித்ததும் படத்தை உறையில் போட்டு, சோற்றுப் பருக்கையால் ஒட்டினாள்.

"வாயத் தொறந்த, பாரு."

நானா திறப்பேன்? ஒற்றைப் புள்ளி என்றால் கண்ணில் படும், கூட்டத்தோடு இருந்தால் தெரியாது. எனக்கு அடி விழக்கூடாதென்று அக்கா செய்த தந்திரம் அது என்று நினைத்து உருகிப்போனேன்.

உலு திராமிலிருந்து மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் மட்டும் வந்தார்கள். அந்த அம்மா அக்காவை நிதானமாகப் பார்த்தார்.

"படத்துல பாத்த மாதிரியேதான் இருக்கு பொண்ணு" என்று சொல்லிவிட்டுக் காப்பியை எடுத்துக் குடித்தார்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "குளுவாங் சீனன் எடுத்ததுங்க. கைராசிக்காரன்" என்று கடைக்காரரைப் புகழ ஆரம்பித்துவிட்டார். முதல் புள்ளி வைத்தவள் நான் என்று சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அப்படியே அச்சாக வந்திருக்கிறது என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டாரே. பெருமையில் கதவைப் பிடித்துக்கொண்டு குதித்தேன்.

அக்கா மட்டும் அன்றைக்குத் தலையைக் குனியாமல், வந்தவர்களை நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் இவளுக்கு ஏன் வெட்கமே வரவில்லை என்றுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.