அஞ்சலோட்டத்துக்கு முன் வந்த கேள்வி

பாடசாலையில் ஊடகக் கழகத்துக்கு ஆள் சேர்த்தபோது எனக்கு விளையாட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. கரப்பந்தாட்டத்தில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்று கேட்டிருந்தால் விரல் விட்டு எண்ணி யோசித்துத்தான் சொல்லியிருப்பேன். அப்போது உயர்தர வகுப்பில் முதலாம் வருடம். விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியர், எங்கள் சேர், ஏன் வர்ணனைக்கு வர ஆசைப்படுகிறாய் என்று கேட்டார். பேச்சுப் போட்டியில் பரிசு எடுத்திருக்கிறேன் என்றேன். அது உண்மை. ஆனால் காரணம் வேறு.

காரணம் என் அப்பா. அவர் எங்கள் பாடசாலையின் பழைய மாணவர். சண்டை முடிந்து நாங்கள் முகாமிலிருந்து கிளிநொச்சிக்குத் திரும்பி வந்து கூரைக்குத் தகரம் போட்ட கையோடு அவர் பிரான்சுக்குப் போனார். எனக்கு நான்கு வயது. முதலில் கிழமைக்கு ஒரு தடவை தொலைபேசி எடுத்தார், பிறகு மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு பொங்கலுக்கு மட்டும், பிறகு அதுவும் இல்லை. அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று ஊரில் கதை வந்தது. அம்மா அதை மறுக்கவும் இல்லை, ஒப்பாரி வைக்கவும் இல்லை. ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார். விடிய வெளிக்கிட்டால் பொழுதுபடத்தான் வருவார். வீட்டில் அப்பாவின் பேச்சை யாரும் எடுப்பதில்லை. எடுப்பதற்கு அங்கே இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான்.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் பார்க்கவென்று பாடசாலைப் போட்டிகளை ஓர் இணையப் பக்கத்தில் நேரலையாகக் காட்டுவார்கள். ஒருநாள் தோழி ஒருத்தியின் தொலைபேசியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கீழே ஓடிய கொமென்டுகளுக்கு நடுவில் அப்பாவின் பெயர் வந்தது. பக்கத்தில் படமும் இருந்தது. தலை பாதி வழுக்கை. ‘கிரவுண்ட் நல்ல வடிவாயிருக்கு’ என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை அன்றைக்கு எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது. மைதானத்தைப் பார்க்கிறவர் அங்கே பேசுகிறவளைக் கேட்காமலா இருப்பார்? கேட்டால், பெற்ற பிள்ளையின் குரல் தெரியாமலா போகும்? நேரே எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மானம் விடவில்லை. அவர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகத்தான் நான் மைக்கைப் பிடிக்கப் போனேன்.

முதல் நாள் கேவலமாகப் போயிற்று. சின்னப் பிரிவுப் பிள்ளைகளின் நூறு மீற்றர் ஓட்டத்தை வர்ணிக்கச் சொன்னார்கள். எனக்கு வாயில் வந்தது ‘ஓடுகிறார்கள்’ என்ற ஒரு சொல்தான். ஓடுகிறார்கள், ஓடுகிறார்கள், வேகமாக ஓடுகிறார்கள், இதோ ஓடுகிறார்கள் என்று, ஓடி முடித்த பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஒரு தவணை முழுவதும் வகுப்புப் பெடியளுக்கு என் பெயர் ‘ஓடுகிறார்கள்’தான். விறாந்தையில் நடந்தாலும் பின்னாலிருந்து குரல் வரும். நானும் திரும்பி நல்லாய்க் கொடுத்திருக்கிறேன், சும்மா விடவில்லை.

எங்கள் வர்ணனையில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரே மைக்கில் பேசுவது இரண்டு இடத்துக்குப் போகும். ஒன்று மைதானத்து லவுட்ஸ்பீக்கர், மற்றது நேரலை. மைதானத்தில் பின்வரிசையில் நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நேரலையில் பார்ப்பவர்களுக்குப் படம் தெரியும், தெரிவதையே திரும்பச் சொன்னால் எரிச்சல் வரும். இரண்டுக்கும் நடுவே பேசப் பழக வேண்டும். முதலில் ஓடுபாதை இலக்கம், பிறகு ஓடுகிறவரின் இல்லத்து நிறம், பிறகுதான் பெயர். யார் முன்னே என்பதைச் சொல், உனக்கு எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லாதே. சேர் சொல்லித் தந்தது இவ்வளவுதான். மிச்சத்தை நானே அடிபட்டுப் படித்தேன்.

வீட்டில் தனியே இருக்கும் பின்னேரங்களில் பழகினேன். பக்கத்து வயலில் நிற்கும் கொக்குகளை வர்ணித்தேன். முன்வீட்டு மாடு வேலியைப் பிரித்துக்கொண்டு எங்கள் கத்தரிக்குள் நுழைவதை, துரத்தப் போகாமல் நின்று, கடைசிவரை வர்ணித்து முடித்தேன். இரண்டு கத்தரிக் கன்று போனது. அம்மாவிடம் யாரோ, பிள்ளை தனிய இருந்து கதைக்குது, ஒருக்கால் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர்கள் சொன்னதில் பிழையில்லை, நான் தனிய இருந்துதான் கதைத்தேன்.

கரப்பந்தாட்ட இறுதிப் போட்டியில் அப்பா மறுபடி வந்தார். அந்தப் போட்டியில் நான்தான் வர்ணனை. அறிவிப்பாளருக்கென்று இன்னொரு தொலைபேசி தருவார்கள், கொமென்டுகளைப் பார்ப்பதற்கு. நேரலைக் கமராவைப் பிடித்துக்கொண்டு என் வகுப்புத் தோழி ஒருத்தி கீழே நின்றாள். கடைசிச் சுற்று, இரண்டு பக்கமும் சமநிலை. அந்த நேரம் பார்த்து அப்பா எழுதினார்: ‘பின்னுக்கு நிக்கிற மருதமரத்தை ஒருக்காக் காட்டுங்கோ.’

எங்கள் நேரலையைப் பார்ப்பவர்கள் இப்படித்தான். பந்து எங்கே போனால் அவர்களுக்கென்ன? கிணறு இருக்கிறதா, மதில் கட்டியாயிற்றா, கோபுரம் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதற்கெல்லாம் காது கொடுக்கக்கூடாது என்பது எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் கேட்டது அப்பா. நான் தோழிக்குக் கையைக் காட்டினேன், அவள் கமராவை மரத்துக்குத் திருப்பினாள். அந்த இடைவெளியில் எங்கள் பாடசாலை வெற்றிப் புள்ளியை எடுத்துவிட்டது. கனடா, லண்டன், நோர்வே என்று உலகம் முழுக்க எங்கள் பழைய மாணவர்கள் அந்தப் புள்ளியின்போது ஒரு மருதமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சேர் வாய்க்கு வந்தபடி ஏசினார். கொமென்டில் அதைவிட மோசமாக ஏசினார்கள். நடுவில் அப்பாவின் ஒரு வரி: ‘நன்றி தம்பி.’

கமரா பிடிப்பது பெடியன் என்று நினைத்திருக்கிறார். இருந்தாலும் அந்த நன்றி எனக்கு வந்ததுதான் என்று வைத்துக்கொண்டேன். ஒரு கிழமைக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு, பிள்ளைகளை நிற இல்லங்களாகப் பிரித்து ஓடவிடும் இல்ல மெய்வல்லுநர் போட்டி வந்தது. எங்கள் பக்கத்தில் அது திருவிழா மாதிரி. ஒரு கிழமைக்கு முன்பே பந்தல் போட்டு, தென்னோலை கட்டி, அவரவர் இல்லத்தைச் சோடிப்பார்கள். பாடமும் நடக்காது, வீட்டுக்குப் போகவும் மனம் வராது. ஆறாம் வகுப்பிலிருந்து நான் நீல இல்லம். அந்த வருடம் நான் நீல ரீசேட்டோடு போனதும் சேர் கூப்பிட்டு, வீட்டுக்குப் போய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரச் சொன்னார். “மைக்குக்கு முன்னால இருக்கிற ஆளுக்கு நிறமில்லை பிள்ளை” என்றார்.

என்னை மேல்மாடி விறாந்தையில் ஒரு மேசையும் கதிரையும் போட்டு இருத்தினார்கள். அங்கிருந்து முழு மைதானமும் தெரியும். இரணைமடுக் குளத்துப் பக்கமிருந்து வரும் காற்று மைக்குக்குள் இரைந்ததால், அதற்கு ஒரு துண்டுத் துணியைச் சுற்றிவிட்டேன். கீழே நீலப் பந்தலுக்குள் என் வகுப்புப் பிள்ளைகள் தாளம் போட்டுப் பாடினார்கள். ஒருத்திக்கு ஒருத்தி முகத்தில் நீலம் பூசினார்கள். மத்தியானம் ஒரே பார்சலைச் சுற்றியிருந்து ஐந்தாறு கை சாப்பிட்டன. நான் அத்தனையையும் பார்த்தேன். எனக்கும் ஒரு பார்சல் வந்தது, ஒரு மாஸ்டர் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். மைதானம் முழுக்க என் குரல்தான் கேட்டது, ஆனால் காலையிலிருந்து பின்னேரம்வரை என்னோடு ஒருவர்கூடக் கதைக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. மைக் திறந்திருந்தால் மூக்கை உறிஞ்சுவதும் கேட்கும் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

போட்டிகளுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில் வெளிநாட்டு வாழ்த்துகளை வாசிக்க வேண்டும். லவுட்ஸ்பீக்கரும் பந்தலும் அவர்கள் செலவு. அதனால் சேர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், வந்தது எதையும் விடக்கூடாது, பெயர், நாடு, செய்தி என்று முழுவதையும் வாசி. நான் காலையிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் பெயர் வரவில்லை. வராது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோதுதான், கடைசி அஞ்சலோட்டத்துக்குப் பிள்ளைகள் கைமாற்றி ஓடும் கோலோடு அவரவர் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரம், வந்தது.

‘அறிவிக்கிற பிள்ளை ஆற்ற மகள்? நல்ல குரல்.’

யாருடைய மகள் என்று கேட்கிறார். எங்கள் ஊரில் புதிதாக ஒரு பிள்ளையைக் கண்டால் எல்லோரும் கேட்பதுதான். அதற்கு ஒரே விதமாகத்தான் பதில் சொல்வார்கள், அப்பாவின் பெயரை. அப்பா செத்துப்போயிருந்தாலும் அவர் பெயரைத்தான். எனக்கோ, கேள்வி கேட்டவரின் பெயரையே அவருக்கு விடையாகச் சொல்ல வேண்டியிருந்தது.

வாசிக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் வாய் பழகிவிட்டது. அவருடைய பெயரைச் சொன்னேன், பிரான்சிலிருந்து என்று சொன்னேன், கேள்வியையும் வாசித்தேன். அதன் பிறகுதான் மைதானத்தைப் பார்த்தேன். அங்கே இருந்த பெரியவர்களுக்கு அந்தப் பெயரும் தெரியும், என்னையும் தெரியும். பந்தலுக்குள் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையை வெளியே நீட்டி மாடியைப் பார்த்தார்கள். தாளம் நின்றுவிட்டது. சேர் கீழே நின்று, அடுத்ததுக்குப் போ, போ என்று கையைக் காட்டினார். முதலில் வெட்கமாக இருந்தது, அது கோபமாக மாறக் கனநேரம் எடுக்கவில்லை. பத்து வருடத்துக்கு மேல் என்னைத் தேடாத மனிதர், ஊர் முழுக்கக் கேட்கும்படி என்னிடமே என்னை யாரென்று கேட்கிறார்.

மைக்கைக் கிட்ட இழுத்தேன். அம்மாவின் பெயரை முழுவதாகச் சொன்னேன். “அவருடைய மகள்” என்றேன்.

எங்கள் நேரலை வெளிநாட்டுக்குப் போய்ச்சேர அரை நிமிடமாவது சுணங்கும். அந்த நேரத்துக்குள் தொடக்கத் துப்பாக்கி வெடித்துவிட்டது. நான் ஓட்டத்தைச் சொல்லத் தொடங்கினேன். இரண்டாம் ஓடுபாதையில் சிவப்பு முந்தியது, மூன்றாவது கைமாற்றத்தில் பச்சையின் கோல் விழுந்தது, நான்காம் ஓடுபாதையில் நீலம் கடைசி வளைவில் எல்லோரையும் தாண்டியது. என் இல்லம் வென்றதை யாரோ எவரோ வென்றது மாதிரிச் சொல்லி முடித்தேன். ஓடுகிறார்கள் என்ற சொல் ஒரு தரமும் வரவில்லை. அதுவரை நான் செய்ததிலேயே திறமான வர்ணனை அது என்று சேர் பிறகு சொன்னார். தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். நீல இல்லத்துக்கு வாழ்த்துக் குவிந்துகொண்டிருந்தது. அப்பாவிடமிருந்து ஒன்றுமில்லை.

அம்மாவுக்கு விஷயம் தொழிற்சாலை பஸ்ஸிலேயே தெரிந்துவிட்டது. வந்ததும் வராததுமாகப் பையை வைத்துவிட்டு, “அதைப் போடு பாப்பம்” என்றார். இணையப் பக்கத்தில் பதிவாகியிருந்த நேரலையை அம்மாவின் தொலைபேசியில் எடுத்து, அந்த இடத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். தன் பெயர் லவுட்ஸ்பீக்கரில் வருவதை அம்மா முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு கேட்டார். பிறகு, அந்தாள் எழுதினதைக் காட்டு என்றார்.

கொமென்டுகளை மேலே தள்ளிப் பார்த்தேன், கீழே தள்ளிப் பார்த்தேன். சத்தத்தைக் கூட்டச் சொல்லிக் கனடாவிலிருந்து ஒருவர் எழுதியது இருந்தது. அதற்கடுத்து, அஞ்சலோட்டத்தில் யார் வெல்வார்கள் என்று சுவிசிலிருந்து ஒருவர் கேட்டது இருந்தது. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அப்பாவின் கேள்வி வந்திருந்தது. அது அங்கே இல்லை.

“அழிச்சிட்டார் அம்மா” என்றேன்.

அப்படியென்றால் அவருக்கு விளங்கிவிட்டது. அவர் என்னைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதானே நான் இவ்வளவும் படித்தேன். கண்டுபிடித்துவிட்டார், கண்டுபிடித்ததும் அவர் செய்தது அதுதான். அப்போதுதான் அழுதேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தாராளமாக.

அம்மா என்னைத் தேற்றவில்லை. தொலைபேசியை வாங்கி, பதிவைத் தானே கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். என் குரல் அப்பாவின் பெயரையும் நாட்டையும் கேள்வியையும் திரும்ப வாசித்தது. பிறகு அம்மாவின் பெயரைச் சொன்னது.

“இதை அந்தாளால அழிக்கேலாதுதானே?” என்று கேட்டார்.

“ஏலாது அம்மா.”

“அப்ப இன்னொருக்காப் போடு.”