ஆடியிலும் தவக்காலத்திலும் நடந்தவர்கள்

அருமனைப் பக்கம், பக்கவாதம் வந்தவர்களுக்கு இலவசமாக நடைப்பயிற்சி கொடுக்கும் சிறிய அறக்கட்டளை ஒன்றுக்கு நான் பொருளாளர். கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். கட்டடத்துக்கு வளைகுடாவிலிருந்து பணம் வந்தது. பெயர்க்கல்லும் வைத்தோம். பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் பெண்ணின் சம்பளத்துக்குத்தான் ஒருவரும் வரவில்லை. சம்பளத்தில் யார் பெயரைப் பொறிப்பது?

ஆகவே பயிற்சி அரங்கைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டோம். யோசனை தலைவருடையது, அவர் ஓய்வு பெற்ற டாக்டர். கையெழுத்து என்னுடையது.

அரங்கின் நடுவில், இடுப்பு உயரத்தில், இரண்டு இரும்புக் கம்பிகள் தரையோடு முடுக்கப்பட்டிருக்கும். நோயாளிகள் அவற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் கம்பிகளைக் கழற்ற வேண்டும். மறுநாள் சாம்பார் வழுக்கலைக் கழுவிவிட்டுத் திரும்ப மாட்ட வேண்டும். ஒரு கல்யாணம் மூன்று நாளைத் தின்றுவிடும். ஆடியில் இந்துக்கள் கல்யாணம் வைப்பதில்லை. தவக்காலத்தில் கிறிஸ்தவர்கள் வைப்பதில்லை. அப்போதுதான் எங்கள் நோயாளிகள் தேறினார்கள். ஆவணி பிறந்தால் கையிருப்பு ஏறும், கால்கள் பின்வாங்கும்.

ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் இடப்பக்கம் செயலிழந்து எங்களிடம் வந்தார். முதல் நாளே, கூட வந்த மனைவியைக் காட்டி என்னிடம் சொன்னார்: "ஓட வேண்டாம் சாரே. ஆரும் பிடிக்காம கக்கூசுக்குப் போவணும், அவ்வளவுதான். என்னைத் தூக்கித் தூக்கி இவளுக்கு நடு ஒடிஞ்சு போச்சு."

"நடு ஒடிஞ்சா என்ன, இவருக்க வாய் ஒடியணுமே" என்றார் மனைவி.

ஆடியில் அவர் ஒரு கையை விட்டுவிட்டு நடந்தார். ஆவணியில் அடுத்தடுத்து இரண்டு கல்யாணம். திரும்ப வந்தபோது இரண்டு கையும் கம்பியில், கால் தரையில் இழுபட்டது. அதற்கடுத்த கல்யாணத்தன்று ஆட்டோ பிடித்து வந்து, வாசலில் வாழைமரத்தைப் பார்த்துத் திகைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஆருக்கு சாரே கலியாணம்?"

"உமக்கு இன்னைக்கு லீவு. உமக்குப் போன் பண்ண ஆபீஸ்ல சொல்லியிருந்தேனே!"

"எனக்க காலுக்கு ஆரு லீவு குடுத்தது?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அன்று மாலையே தலைவரிடம் போய், கம்பிகளைப் பக்கவாட்டு வராந்தாவுக்கு நிரந்தரமாக மாற்ற வேண்டும் என்றேன்.

"கை கழுவுற இடத்துலயா? கல்யாண வீட்டுக்காரன் வாடகையைக் குறைப்பான்வே."

"குறைக்கட்டும்."

"பிசியோவுக்குச் சம்பளம் உம்ம பென்ஷன்ல குடுப்பீரா?"

ஆனாலும் மாற்றினோம். அவர் சொன்னபடியே வாடகை குறைந்தது. வாரத்தில் ஆறு நாள் வந்த பிசியோ ஐந்து நாள் வந்தார். போன அந்த ஒரு நாள் இன்றும் என்னை உறுத்துகிறது.

தை மாதக் கல்யாணம் ஒன்று. முதல் பந்தி முடிந்து கை கழுவ வந்தவர்கள் ஈரத் துண்டுகளைக் கம்பியில் போட்டார்கள். இரண்டு குழந்தைகள் அதில் தொங்கி ஆடின. நான் துண்டை எடுப்பதா, குழந்தைகளை விரட்டுவதா? கம்பிகளுக்கு நடுவில் பால்வெட்டுக்காரர் பயிற்சியில் இருந்தார். பார்த்துக்கொண்டிருந்த விருந்தாளி ஒருவர், "பையப் பைய, மக்கா" என்று வெற்றிலை வாயோடு உற்சாகப்படுத்தினார். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

திடீரென்று பால்வெட்டுக்காரர் கம்பியை விட்டார். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு சுவரோரமாக வராந்தாக் கடைசிக்கு நடந்தார். அங்கேதான் கழிப்பறை. மனைவி எழுந்தார். அவர் திரும்பிப் பார்த்து முறைத்தார். மனைவி உட்கார்ந்துகொண்டார்.

கழிப்பறை வாசலில் நான்கு பேர் நின்றார்கள். முன்னால் நின்றவர் வழிவிட்டார்.

"வேண்டாம். எனக்க முறை வரட்டு."

ஐந்தாவது ஆளாக நின்றார். முறை வந்ததும் உள்ளே போய், தானே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மனைவி முந்தானையைக் கையில் சுருட்டியபடி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது: "சாரே! தண்ணி வரல்ல!"

ஐந்நூறு பேர் கை கழுவியதில் தொட்டி காலி. தண்ணீரும் கரண்டும் வாடகையில் அடக்கம் என்று கல்யாண வீட்டாருக்கு வாக்குக் கொடுத்தவர் தலைவர். அவரைத் திட்டிக்கொண்டே மோட்டார் போட ஓடினேன்.