மணியின் வாயை அடைத்த தீப்பெட்டி அட்டை

சில வருடங்களுக்கு முன், ஆடிக் காற்று ஆளையே தள்ளிக்கொண்டிருந்த ஒரு மதியம். சிவகாசியை அடுத்து, நாரணாபுரம் போகும் வழியில் இருக்கும் ஒரு துணைமின் நிலையத்தில் நான் ஆபரேட்டர். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது வீட்டிலும் தெரியும், ஆபீசிலும் தெரியும்.

எங்கள் அறை மூலையில் ஒரு இரும்புப் பெட்டி உண்டு. உயரழுத்த லைனுக்கு இரண்டு முனையிலிருந்தும் மின்சாரம் வரும். கோளாறு என்று நாங்கள் இங்கே நிறுத்தினால், அந்தச் செய்தியை மறுமுனை நிலையத்துக்கு அனுப்பி அங்கேயும் உடனே நிறுத்த வைப்பது இந்தப் பெட்டிதான். அதற்குள் இரண்டு பவர் சப்ளை. ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். எது போனாலும் ரிலே என்கிற ஒரு சின்னத் தானியங்கி சுவிட்ச் விழுந்து, அதன் முனைகள் ஒட்டி மணி அடிக்கும்.

இரண்டு வாரமாக ஒரு பவர் சப்ளை சூட்டில் போவதும் வருவதுமாக இருந்தது. எழுதிப் போட்டும் மாற்று வரவில்லை. மணி மட்டும் விடாமல் உயிரை வாங்கியது. ஒருநாள் பொறுக்க முடியாமல், தீப்பெட்டி அட்டையைக் கிழித்து, ரிலேயின் முனைகள் ஒட்டாதபடி நடுவில் செருகிவிட்டேன். எங்கள் ஊரில் அட்டைக்கா பஞ்சம்? மணி அடங்கியது. இன்னொன்றுதான் ஓடுகிறதே என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

அந்த மதியம் என் செல்போனில் பக்கத்துப் பட்டாசு ஆலையின் போர்மேன் அக்கா.

"மேடம், லைன் கம்பி அந்து வேலி மேல கெடக்கு. பொறி பறக்குது. காத்து எங்க பக்கந்தேன் அடிக்குது, களத்துல வெடி காயுது. கேட்டும் அங்கனதேன் இருக்கு, வெளிய வர வழியில்ல!"

ஓடிப்போய் சுவிட்சைத் திருப்பினேன். எங்கள் பக்கம் நின்றது. ஆனால் லைனின் மின்னழுத்த முள் இறங்கவில்லை; மறுமுனையிலிருந்து மின்சாரம் வந்துகொண்டே இருந்தது. பெட்டியைப் பார்த்தேன். இரண்டு பச்சை விளக்குமே அணைந்திருந்தன. இரண்டாவது பவர் சப்ளையும் எப்போது போனதோ, சொல்ல வேண்டிய மணியின் வாயில்தான் நான் அட்டையைத் திணித்திருந்தேனே.

மறுமுனைக்கு லேண்ட்லைனில் அடித்தேன். பிஸி. மறுபடியும் பிஸி. மேஜையில் கிடந்த செல்போனை அக்கா துண்டிக்கவில்லை. காற்று இரைவதும் பெண்கள் கூச்சலிடுவதும் அதில் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாம் தடவை எடுத்தார்கள்.

"அண்ணே, லைன நிறுத்துங்க!"

"சிக்னலு ஒண்ணும் வரலையேம்மா?"

"வராதுண்ணே, பெட்டி செத்துப்போச்சு. கும்பிட்டுக் கேக்கேன், நிறுத்துங்க!"

முள் படக்கென்று விழுந்தது. செல்போனில் அக்காவின் குரல்: "பொறி நின்னுருச்சு மேடம்."

சாயங்காலம் லைன்மேன்கள் கம்பியைக் கட்டி முடித்த பிறகு அங்கே போனேன். பதற்றத்தில் நேராக உள்ளே நுழையப் போனவளை அக்கா மறித்தார். வாசலில் ஒரு செம்புத் தகடு. உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் பொறியாகிவிடாமல் இருக்க, அதைத் தொட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே போக வேண்டும்.

"போகும்போது வரும்போதெல்லாம் தொடுவீங்களாக்கா? சலிக்காதா?"

"சலிக்கத்தேன் செய்யும். அதுக்காக ஒரு நாளு தொடாம போயிப் பாக்கச் சொல்றீகளா?" என்று சிரித்தார். பயம் இன்னும் போகாத சிரிப்பு. என் காரியம் அவருக்குத் தெரியாது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அங்கேயே சொல்லிவிட்டேன். அவர் களத்தில் காயப்போட்டிருந்த வெடிகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

நிலையத்துக்கு வந்து அட்டையைப் பிடுங்கினேன். மணி அலறியது. அதை அப்படியே அலறவிட்டு, அட்டையை வைத்தது நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். மெமோ வந்தது. மாற்றுப் பவர் சப்ளையும் வந்தது.

இன்றைக்கும் அந்த மணி அடித்தால் முதலில் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஆனால் போனில் கேட்ட அந்தப் பெண்களின் கூச்சல் அடுத்த நொடியே காதுக்குள் கேட்க, எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.