பீரோவில் வைத்த குளவிகள்

கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவனுக்கு ஆரணியில் பெரிதாக வேலை ஒன்றும் இருக்காது. தெருவில் எல்லோருக்கும் தறி, ஜரிகை, கடை என்று ஏதோ ஒன்று இருந்தது. எனக்கு அறிவு இருந்தது. அதைக் கொட்ட ஓர் இடம் தேவைப்பட்டது. கண்ணமங்கலம் பக்கம் கரும்பு போட்டிருந்த என் தங்கை வசமாக மாட்டினாள்.

கணவர் போன பிறகு தனியாகப் பயிர் பார்ப்பவள். கரும்பின் கணுவைத் துளைக்கும் இடைக்கணுப் புழு வரும் பருவம் அது. பக்கத்து நிலத்துக்காரர் வழக்கம்போல மருந்து அடித்தார். நீ அடிக்காதே என்று தங்கையைத் தடுத்தேன். புழுவின் தாய்ப்பூச்சி இலையில் முட்டையிடும். அந்த முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும் பொடிக்குளவி ஒன்று உண்டு. புழு பிறக்க வேண்டிய இடத்தில் குளவி பிறக்கும். அப்படிக் குளவி ஏறிய முட்டைகளை அட்டையில் ஒட்டி விற்கிறார்கள்; இலைக்கு அடியில் குத்திவிட்டால் மீதியைக் குளவி பார்த்துக்கொள்ளும். இதில் எதுவும் பொய்யில்லை.

வேலூரில் அட்டை வாங்கினேன். அன்றே வயலில் குத்திவிடச் சொன்னார்கள். குத்தியிருக்கலாம். ஆனால் வேலைநாளில் குத்தினால் என் பேச்சைக் கேட்க யார் வருவார்கள்? ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்தேன்.

அதுவரை பத்திரமாக வைக்க வேண்டுமே. எங்கள் ஊரில் பத்திரம் என்றால் பீரோ. நகை, வீட்டுப் பத்திரம், கல்யாணப் பட்டு எல்லாம் அதற்குள்தான். அட்டைகளையும் மனைவியின் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்தேன்.

"குளவியக் கொண்டாந்து புடவையோட வெக்கிறீங்களே, பட்ட கடிச்சிட்டா?" என்றாள் அவள்.

சிரித்தேன். இந்தக் குளவியால் பட்டுக்கு ஆபத்தே இல்லை என்று ஒரு வகுப்பே எடுத்தேன். பட்டால் குளவிக்கு ஆபத்து உண்டா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறு காலை பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை நெடி மூக்கில் ஏறியது. மடிப்புக்கு மடிப்பு உருண்டை. கல்லூரியில் பூச்சிப் பெட்டிகளுக்குள் உயிருள்ள எதுவும் நுழையக்கூடாது என்று காலமெல்லாம் இதே உருண்டையைப் போட்டு மூடியவன் நான். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஓரிரண்டு குளவிகள் வெளியே வந்து அட்டையிலேயே செத்துக் கிடந்தன. மற்றவை அந்தச் சிரமம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

தெரிந்தேதான் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆட்களை வரச்சொல்லியாகிவிட்டதே.

வரப்பில் நல்ல கூட்டம். பக்கத்து நிலத்துக்காரரும் வந்திருந்தார்.

"இந்தக் குளவி இன்னா சைஸ் சார் இருக்கும்?" என்று கேட்டார்.

"கண்ணுக்குச் சரியா தெரியாதுங்க."

"அப்ப உள்ள உயிரோட கீதா இல்லியான்னு எப்டி கண்டுபிடிக்கிறது?"

"நம்பணும்."

"சாமி கும்புட்ற மாதிரின்றீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன். பிறகு, செத்த குளவிகளின் அட்டைகளை ஒவ்வொன்றாக இலைக்கு அடியில் மரியாதையாகக் குத்தினேன்.

சில வாரத்தில் கரும்பில் கணுவுக்குக் கணு ஓட்டை விழுந்தது. "இன்னாண்ணா, உன் குளவிங்கோ ஊருக்குப் போயிட்சா?" என்று தங்கை போனில் கேட்டாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பக்கத்து நிலத்தில் அடித்த மருந்து காற்றில் வந்து குளவிகளைக் கொன்றுவிட்டது என்றேன். நடக்கக்கூடியதுதான், பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. படித்தவன் பொய்யில் உள்ள வசதி அதுதான்.

தங்கை நேராக வரப்புக்குப் போய் அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறாள். அன்றோடு பேச்சு நின்றது. அவர் நிலத்து வாய்க்கால் வழியாகத்தான் அவள் கரும்புக்குத் தண்ணீர் வர வேண்டும். தண்ணீர் நிற்கவில்லை.

கொஞ்ச காலம் கழித்து, நான் தங்கை வீட்டில் இருந்தபோது, அந்த மனிதர் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். தங்கை கையை நீட்டவில்லை. பத்திரிகைத் தட்டை வாசலில் வைத்துவிட்டு, போகிற வழியில் அவள் நிலத்துக்கு மடை திறந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

"அந்த ஊட்டு கல்யாணத்துக்கு நான் போவ மாட்டேன்," என்றாள்.

அதன் பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. பீரோ, உருண்டை, லென்ஸ், போனில் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன். கரும்பு போனதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்ப அந்த மனுசன் மேல ஒரு தப்பும் இல்ல?"

"இல்லை."

"அவரு பொண்டாட்டி எதிர்லயே கேட்டேனே. இன்னா இன்னா வார்த்தை சொன்னேன்னு தெரியுமா உனக்கு?"

தெரியாது. கேட்டதும் இல்லை.

செருப்பை மாட்டிக்கொண்டாள். "கெளம்பு."

கல்யாண வீட்டில் பந்தலுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அவர் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வந்தார். "வாங்க சார், வாம்மா" என்று சொல்லி, நாற்காலி கொண்டுவர உள்ளே குரல் கொடுத்தார்.

"நாற்காலி வேணாங்க," என்றாள் தங்கை. "எங்கண்ணன் நின்னுகினே சொல்லட்டும்."